ஜிப்ஸிக்குக் கேம்ஷாஃப்ட்: மலைப்பாதைக்கு எது தாங்கும், எது தாங்காது

போடி மெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, சூரியநெல்லிக்கு மேலே கல்லும் பள்ளமுமான எஸ்டேட் பாதையில் லோ கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்கு 1500-இலிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள் கிடைக்கிற இழுவைதான் உயிர். 5000-க்கு மேலே எஞ்சின் எவ்வளவு பாடினாலும் கொழுக்குமலைப் பாதையில் அது செல்லாக் காசு. மாருதி ஜிப்ஸியின் 8 வால்வு எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) தேடுகிறவர் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் கூடுதல் குதிரைத்திறன் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிய கம்பெனி ஷாஃப்ட், கூடவே, அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் எட்டுப் புதிய ராக்கர்கள்: இதுவே முதல் தேர்வு. தெரிந்த கிரைண்டரிடம் கொடுத்து முறையாகத் தீட்டி வாங்கிய பழைய ஷாஃப்ட் இரண்டாவது. வெளிநாட்டுக் கேம்களில் கீழ் ஆர்பிஎம் இழுவைக்காக வெட்டிய வகை மட்டும் மூன்றாவது. தயாரித்தவர் பெயரும் பார்ட் எண்ணும் இல்லாமல் வெறும் எண்ணெய்த் தாளில் சுற்றி வருகிற ஷாஃப்ட்டை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வரக்கூடாது. கார்பு (கார்புரேட்டர்) ஜிப்ஸியில் இருக்கும் ஜி13பிஏ எஞ்சின் 1298 சிசி, 74 மிமீ போர், 75.5 மிமீ ஸ்ட்ரோக், ஹெட்டின் மேல் ஒரே கேம், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, 60 குதிரைத்திறன். 2000-இல் வந்த, கார்பு இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியின் ஜி13பிபி எஞ்சினும் அதே 1298 சிசிதான். ஆனால் 16 வால்வு, 80 குதிரைத்திறன், டார்க்கின் உச்சம் 4500 ஆர்பிஎம்மில். இரண்டின் கேம்ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. கடைக்காரர் ‘ஜிப்ஸி கேம்தானே’ என்று எடுத்து நீட்டினால் கார்பா, எம்பிஎஃப்ஐயா என்று கேட்டு, பழைய ஷாஃப்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். கார்பு வண்டியில் பெட்ரோல் பம்ப்பைத் தள்ளுகிற லோப்பும் (ஷாஃப்ட்டில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் பகுதி), டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற கியரும் இதே ஷாஃப்ட்டில்தான் இருக்கின்றன. அதே குடும்பத்துக் கார் எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் எடுத்துப் போடலாம் என்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. வால்வு லோப் எட்டும் சரியாக இருந்து, பம்ப் லோப் இல்லாமல் போனால் எலக்ட்ரிக் பம்ப் தனியாக மாட்ட வேண்டிவரும்.

கம்பம், போடி, தேவாரத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற மஹிந்திரா டீசல் ஜீப்புகள் வேறு கதை. அங்கே கேம் பிளாக்குக்குள் இருந்து புஷ் ராடு வழியாக வால்வைத் தள்ளுகிறது. இங்கே எழுதியிருப்பதில் எண்ணெய், ஓட்டிப் பழக்குதல் பற்றியவை மட்டுமே அதற்கும் பொருந்தும்.

கேம் போச்சு என்று எப்படி உறுதி செய்வது

ஷாஃப்ட் வாங்கிய பிறகும் வண்டி இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருடைய வண்டியில் கேம் கெடவே இல்லை. கெட்டது வேறு. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் சில.

முதலில் டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கரின் திருகு முனைக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் சந்து. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.13 முதல் 0.17 மிமீ, எக்ஸாஸ்ட் 0.16 முதல் 0.20 மிமீ. எட்டையும் சரிசெய்து 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏழு அப்படியே இருந்து ஒன்று மட்டும் மறுபடி அதிகமாகத் திறந்திருந்தால், அந்த லோப்போ அதன் ராக்கரோ தேய்ந்துகொண்டிருக்கிறது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அது கேம் அல்ல. வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. அந்த வண்டிக்கு ஹெட் வேலைதான் தேவை.

அடுத்தது லிஃப்ட், அதாவது வால்வு எவ்வளவு திறக்கிறது என்ற அளவு. ராக்கர் கவரைக் கழற்றி, டயல் கேஜின் முனையை வால்வு ஸ்பிரிங் ரிடெய்னர் மேல் வைத்து, கிராங்க்கைக் கையால் சுற்றி எட்டு வால்வும் எவ்வளவு இறங்குகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்டேக் நான்கும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும், எக்ஸாஸ்ட் நான்கும் அப்படியே. கால் மில்லிமீட்டருக்கு மேல் ஒன்று பின்தங்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த அளவுக்கு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் போதும். தேனியிலோ கம்பத்திலோ லேத் வைத்திருக்கிற எவரிடமும் இருக்கும்.

கம்ப்ரஷன் பார்க்கிறவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த எஞ்சினுக்குப் புத்தகக் கணக்கு சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ, கடைசி எல்லை 12 கிலோ, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 கிலோவுக்குள். அது தரைமட்டக் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம் போனால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், கேஜ் காட்டுவதும் அந்த அளவுக்குக் குறையும். கம்பத்தில் 13 காட்டிய எஞ்சின் குமுளிக்கு மேலே 12-க்குக் கீழே காட்டினால் எஞ்சின் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. மலையில் அளந்தால் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் பாருங்கள். இன்னொன்று: லோப் தேய்ந்த சிலிண்டர் கம்ப்ரஷனில் கிட்டத்தட்ட ஒழுங்காகவே காட்டலாம். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்திருந்தால் எரிந்த புகை வெளியேற வழியில்லாமல், இன்டேக் திறக்கும்போது கார்பு வழியாக ‘டப் டப்’ என்று திரும்பி அடிக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது ஒரே தாளத்தில் இந்தச் சத்தம் கேட்டால் கார்பைப் பிரிப்பதற்கு முன்னால் லிஃப்டை அளந்துவிடுங்கள்.

கடைசியாக, கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் (டைமிங் பெல்ட்டை ஓட்டும் பற்சக்கரத்தின்) கீவே, அதாவது அதை நகராமல் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம். பல மெக்கானிக்குகள் விட்டுவிடுகிற இடம் இது. கிராங்க் போல்ட் சரியாக இறுகாமல் ஓடிய எஞ்சினில் சாவியும் அதன் பள்ளமும் அரைபட்டு ஸ்ப்ராக்கெட் ஆடும். வெளியில் மார்க் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே வால்வு டைமிங் பின்தங்கியிருக்கும். இழுவை இல்லை, எஞ்சின் சூடாகிறது, இக்னிஷன் டைமிங்கை எங்கே வைத்தாலும் நிற்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட எஞ்சினில் எந்தக் கேமைப் போட்டாலும் அது மோசமான கேமாகத்தான் தெரியும்.

கம்பெனி ஷாஃப்ட்

மாருதி ஜெனுயின் பார்ட்ஸில் வருவது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் பிராண்ட் மீது வைத்த பக்தி அல்ல. லோப்பின் முகம் கடினமாக இருக்க வேண்டிய இடத்தில் கடினமாகவும், ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுழலும் வட்டப் பகுதிகளான ஜர்னல் ஐந்தும் ஒரே கோட்டிலும் இருப்பதைத்தான் இங்கே விலை கொடுத்து வாங்குகிறோம். இந்த ஹெட்டில் கேமுக்குத் தனி பேரிங் ஷெல் கிடையாது. அலுமினிய ஹெட்டில் குடைந்த துளைகளிலேயே ஜர்னல்கள் நேராகச் சுழல்கின்றன. ஷாஃப்ட் கொஞ்சம் வளைந்திருந்தாலும் தேய்வது ஹெட்தான், அதை மாற்றுவது ஷாஃப்ட்டை மாற்றுவது போல அல்ல.

ஜிப்ஸி பொதுமக்கள் விற்பனையிலிருந்து போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ராணுவத்திலும் காவல்துறையிலும் வனத்துறையிலும் நிறைய வண்டி ஓடியதால் உதிரி பாகம் இன்னும் புழங்குகிறது, ஆனால் எல்லா ஊரிலும் அலமாரியில் இருக்காது. தேனி மாவட்டத்துக் கடைகளில் கேட்டால் மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரவழைப்பார்கள். கட்டப்பனை, குமுளிப் பக்கத்தில் கேட்டால் கோட்டயம், கொச்சியிலிருந்து வரும். இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டிதான், அதனால் எல்லை தாண்டி வாங்குவதில் வரி லாபம் எதுவும் இல்லை. எங்கே முதலில் கைக்கு வருகிறதோ அங்கே வாங்கலாம். பில் மட்டும் கட்டாயம். பார்ட் எண் பில்லில் இருக்க வேண்டும், ‘கேம்ஷாஃப்ட் ஒன்று’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து ஒன்றும் திருப்பிக் கொடுக்க முடியாது.

பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். துரு எண்ணெய் முழுக்கத் தடவியிருக்க வேண்டும். லோப் முனையில் விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் பற்களில் அடிபட்ட தழும்பு இருக்கக்கூடாது. அலமாரியில் படுக்க வைத்துப் பல வருடம் கிடந்த ஷாஃப்ட் என்றால், வாங்கிய பிறகு இரண்டு கடைசி ஜர்னலையும் வி பிளாக்கில் வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் போடுங்கள். வளைவு 0.10 மிமீக்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை, தீட்டின ஷாஃப்ட்டை விடப் பல மடங்கு. ராக்கர்கள் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆனாலும் ஹெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்காமல் இருப்பதற்கு அந்தப் பணம் தகும்.

தீட்டின ஷாஃப்ட்

ரீகிரைண்ட் என்றால் பலர் நினைப்பது தேய்ந்த லோப்பின் மேல் உலோகம் ஏற்றுவது என்று. நல்ல கிரைண்டர் செய்வது அதற்கு நேர் எதிர். லோப்பின் மூக்கில் தேய்ந்த அளவுக்கு ஏற்றபடி அடிவட்டத்தையும் (லோப்பில் மூக்கு இல்லாத வட்டப் பகுதியையும்) சீவிவிடுவார். மூக்கு குட்டையானாலும் அடிவட்டமும் சிறியதாகிவிடுவதால் லிஃப்ட் பழையபடியே கிடைக்கும். அதனால் தீட்டின ஷாஃப்ட்டைக் காலிப்பரால் மொத்த உயரம் மட்டும் அளந்து ‘இது தேய்ந்தது’ என்று ஒதுக்குவது தவறு. லோப்பின் மொத்த உயரத்திலிருந்து அடிவட்டத்தின் விட்டத்தைக் கழியுங்கள். அந்தக் கழித்தல்தான் கேமின் லிஃப்ட். எட்டு லோப்புக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கிரைண்டரிடம் கொடுக்க வேண்டாம்.

இதில் பலவீனம் இரண்டு. வார்ப்பிரும்பு லோப்பின் கடினமான தோல் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் இருக்கிறது. ஆழமாகச் சீவினால் அந்தத் தோலைத் தாண்டி மென்மையான உள்பகுதி வந்துவிடும், சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே லோப் உருண்டையாகிவிடும். ஆகவே லேசாகத் தேய்ந்த ஷாஃப்ட்டை மட்டுமே தீட்டக் கொடுக்க வேண்டும். மூக்கு தட்டையாகிப் போனதைக் கொடுத்துப் பயனில்லை. இரண்டாவது, அடிவட்டம் சிறியதானால் ராக்கர் கீழே இறங்கி உட்காரும். டாப்பெட் திருகு அதிகம் உள்ளே போக வேண்டியிருக்கும், வால்வு முனையைத் தொடும் கோணம் மாறும். திருகின் முனை வால்வுத் தண்டின் விளிம்பில் உரசுகிறதா என்று நீல மை தடவிப் பாருங்கள். தொடும் தடம் தண்டின் நடுவில் விழ வேண்டும்.

வெல்டிங் வைத்து உயர்த்தித் தீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு ஷாஃப்ட்டில் வெல்டிங் வைத்தால் சூட்டில் வளையும், நேராக்க அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். மலையில் ஓடும் வண்டிக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. தட்டையான ரோட்டில் போகும்போது கேம் ஒடிந்தால் வண்டியைக் கட்டி இழுத்து வரலாம். சதுரங்கப்பாறைப் பக்கம் பாதையே இல்லாத இடத்தில் அதுவும் முடியாது.

தீட்டி முடித்த ஷாஃப்ட் கரும் சாம்பல் நிறத்தில் பாஸ்பேட் பூச்சோடு வந்தால் நல்லது. அந்தப் பூச்சு முதல் அரை மணி நேரத்துக்கு எண்ணெயைப் பிடித்து வைக்கும். கண்ணாடி போலப் பளபளவென்று மினுக்கிக் கொடுப்பது பார்வைக்கு மட்டும் அழகு.

வெளிநாட்டுக் கேம்

சாமுராய் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற சுஸுகி வண்டியில் இதே குடும்பத்து எஞ்சின் இருந்ததால் அங்கே இதற்கென்று கேம் வெட்டுகிறவர்கள் உண்டு. வாங்க நினைத்தால் விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டிய எண் டியூரேஷன். வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்ற கணக்கு அது. டியூரேஷன் நீண்டால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது, உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியைத் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். ஏற்கெனவே காற்று மெலிந்திருக்கும் உயரத்தில் இது இரட்டை நஷ்டம். ஐட்லிங் ஆடும், ஆர்பிஎம்மை ஏற்றி வைக்க வேண்டிவரும், லோவில் ஊர்வதற்கு வண்டி ஒத்துழைக்காது.

இன்னொன்றையும் யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால் ஐட்லிங்கில் மேனிஃபோல்டு வேக்குவம் குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டு அடிக்கடி பிரேக் போடுகிற பழக்கம் உள்ளவருக்கு மிதி கெட்டியாகும். குமுளி மலையில் லோயர் கேம்ப்பை நோக்கி இறங்கும்போது அது விளையாட்டு அல்ல.

கீழ் ஆர்பிஎம் வகை வேறு. டியூரேஷனைக் கம்பெனி அளவிலேயே அல்லது அதற்குப் பக்கத்திலேயே வைத்து, லிஃப்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தியிருப்பார்கள். பெரிய டயர் போட்டு, கியர் விகிதம் மாற்றாமல் ஓட்டுகிறவருக்கு இது உதவும். ஆனால் லிஃப்ட் கூடினால் இரண்டு இடைவெளிகளை அளந்தே தீர வேண்டும். வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. ரிடெய்னரின் அடிப்பக்கத்துக்கும் வால்வு சீலுக்கும் நடுவே 1.5 மிமீயாவது இருக்க வேண்டும். கம்பெனி கேமோடு இந்த 8 வால்வு எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. ஹெட்டைச் சீவியிருந்தாலோ லிஃப்ட் கூடின கேம் போட்டாலோ அந்த நிம்மதி போய்விடும். பிஸ்டன் தலையில் களிமண் உருண்டை வைத்து, ஹெட்டை மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்து, களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

இறக்குமதி வரி, கூரியர், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் இது எல்லாவற்றிலும் விலை கூடியது. ஷாஃப்ட் கோளாறாக வந்தால் திருப்பி அனுப்புவது நடைமுறையில் நடக்காது. வாகமண் பக்கம் போட்டிக்கு வண்டி கட்டுகிறவர் யோசிக்கலாம். எஸ்டேட்டுக்கும் சுற்றுலாவுக்கும் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை.

ராக்கரை விட்டுவிட்டு கேமை மட்டும் மாற்றுவது

இது பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சினில் ராக்கரின் பாதம் லோப் மேல் சறுக்குகிறது, உருளை கிடையாது. பழைய லோப்போடு சேர்ந்து தேய்ந்த பாதத்தில் ஒரு பள்ளமோ வரியோ விழுந்திருக்கும். அதைப் புதிய லோப் மேல் வைத்தால் மெல்லிய கோட்டில் மட்டும் தொடும், அந்தக் கோட்டில் எண்ணெய்ப் படலம் கிழியும், முதல் நாளே புதிய கேமின் முகத்தில் கோடு விழும். புதிய ஷாஃப்ட் ஆறு மாதத்தில் போய்விட்டது என்ற புகாரில் பாதி, ஷாஃப்ட்டின் குற்றமல்ல. பணம் போதவில்லை என்றால் நல்ல ராக்கர்களோடு தீட்டின ஷாஃப்ட் போடுவது, பழைய ராக்கர்களோடு புதிய ஷாஃப்ட் போடுவதை விட மேல்.

ராக்கர் ஷாஃப்ட்டுக்கும் ராக்கரின் துளைக்கும் இடையே 0.09 மிமீக்கு மேல் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஹெட்டில் கேம் ஜர்னலின் இடைவெளி 0.15 மிமீ வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் கேமை மட்டும் மாற்றி எண்ணெய் அழுத்தத்தை மீட்க முடியாது.

மாட்டும் வேலை

பேட்டரி, ஃபேன், பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, டைமிங் கவர், ராக்கர் கவர் கழன்ற பிறகு, பெல்ட்டைக் கழற்றும் முன்பே டைமிங் மார்க்குகளைச் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கோடு போட்டு வைக்க வேண்டும். எட்டு டாப்பெட் திருகையும் முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் ராக்கர் ஷாஃப்ட்டின் ஸ்க்ரூவைத் தொடலாம். இறுகிய ஸ்பிரிங்கோடு கழற்றினால் ஷாஃப்ட் வளையும்.

இன்டேக், எக்ஸாஸ்ட் ராக்கர் ஷாஃப்ட்டுகள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. முனையில் இருக்கும் படிவெட்டு வேறுபடும். எது எந்தப் பக்கம், எந்த முனை முன்னே என்று பெயின்ட் வைத்துவிடுங்கள். ராக்கர்களையும் ஸ்பிரிங்குகளையும் ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தால் குழப்பம் வராது.

கேம் பின்பக்கமாக, டிஸ்ட்ரிபியூட்டர் கேஸைக் கழற்றிய வழியில்தான் உருவி வரும். ஜர்னல்கள் ஒவ்வொன்றும் விட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேறுபடுவதும் அதற்காகத்தான். ஃபயர்வாலுக்கு நடுவே இடம் இறுக்கம். நேராக வர இடமிருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். சாய்த்து இழுத்தால் லோப்பின் விளிம்பு ஹெட்டின் துளையைக் கீறும், அந்தக் கீறலை அலுமினியத்தில் சரிசெய்ய முடியாது. இடம் போதவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிடுவதே சரி. ஹெட் கேஸ்கெட் செலவு கூடும், துளைகள் தப்பும்.

ஹெட்டின் எண்ணெய் வழிகளையும், ராக்கர் ஷாஃப்ட்டின் உள்குழாயையும் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, காற்றடித்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஓடைக்குள் இறக்கி ஓட்டிய வண்டிகளில் எண்ணெயில் தண்ணீர் கலந்து, பிசின் போல அடைத்திருக்கும். அந்த ஒரு துளை அடைத்திருந்ததால்தான் பழைய லோப் போயிருக்கும். அதைத் திறக்காமல் மாட்டினால் புதியதும் அதே இடத்தில்தான் போகும்.

ஜர்னலுக்கு எஞ்சின் ஆயில், லோப்புக்கும் ராக்கர் பாதத்துக்கும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது எண்ணெயில் கரையாமல் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். முன் ஆயில் சீல் கட்டாயம் புதியது. டிஸ்ட்ரிபியூட்டர் கேஸின் ஓ-ரிங், ராக்கர் கவர் பேக்கிங்கும் புதியது. அனபாண்ட் பசையை வழிய வழியத் தடவினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து எண்ணெய் வடிகட்டியின் வலையை அடைக்கும். ஒரு மெல்லிய கோடு போதும்.

இறுக்கங்கள்: ராக்கர் ஷாஃப்ட் ஸ்க்ரூ 9 முதல் 12 நியூட்டன் மீட்டர், கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட் 50 முதல் 60, டாப்பெட் பூட்டு நட் 15 முதல் 20, ராக்கர் கவர் 4 முதல் 5. ராக்கர் ஷாஃப்ட் ஸ்க்ரூ சின்னது, கை வேகத்தில் திருகினால் ஹெட்டின் மரை போய்விடும். டார்க் ரென்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெல்ட் மாட்டியதும் கிராங்க்கை அது ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, மார்க்குகள் மறுபடி சேர்கின்றனவா பார்த்து, அப்புறம்தான் டென்ஷனரை இறுக்க வேண்டும். பெல்ட்டில் ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் பத்து டிகிரிக்கு மேல் போய்விடும். மார்க் சேர்ந்தவுடன் ஒன்றாம் சிலிண்டர்தான் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்காவதாகவும் இருக்கலாம். எந்தச் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடுகின்றனவோ அதுதான் கம்ப்ரஷனில் இருப்பது. ஒன்று கம்ப்ரஷனில் இருக்கும்போது ஒன்றின் இரண்டு டாப்பெட், இரண்டின் இன்டேக், மூன்றின் எக்ஸாஸ்ட் செட் செய்யலாம். ஒரு சுற்றுச் சுற்றி, மீதி நான்கு.

பொறுமையாகச் செய்தால் ஒரு முழு நாள் பிடிக்கும். மத்தியானத்துக்குள் வண்டியைத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் துளைகளைக் கழுவ நேரம் இருக்காது.

முதல் இருபது நிமிடம்

புதிய கேமின் ஆயுள் முடிவாவது இங்கேதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, எண்ணெய் ராக்கர் வரை ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோலும் இக்னிஷனும் சரியாக இருந்து ஒரே திருப்பில் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் 1500-க்குக் கீழே இறக்காமல், 1500-க்கும் 2500-க்கும் நடுவே மெதுவாக ஏற்றி இறக்கி இருபது நிமிடம். ஐட்லிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் லோப்புக்கு எண்ணெய் போதாது. ரேடியேட்டரில் காற்றுக் குமிழி போகும்படி மூடியைத் திறந்து நிரப்பி வைத்திருங்கள், இல்லையென்றால் நடுவில் சூடேறி நிறுத்த வேண்டிவரும். முடிந்ததும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிவிட வேண்டும். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் மினுமினுப்பான தூள் எவ்வளவு வந்தது என்று தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் புதியதெல்லாம் நல்லது என்ற எண்ணம் இந்த எஞ்சினுக்கு ஆகாது. சறுக்கும் ராக்கரைக் காப்பது எண்ணெயில் இருக்கும் துத்தநாக பாஸ்பரஸ் சேர்மம். இப்போதைய கார்களுக்கான மெல்லிய 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 எண்ணெய்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காகப் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். கார்பு ஜிப்ஸிக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 போதும், அந்தக் கெட்டியான கிரேடுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சம்ப்பில் மூன்றரை லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். செங்குத்து ஏற்றத்தில் லோவில் ஊரும்போது எண்ணெய் பின்னால் சாயும், ஆர்பிஎம் குறைவு, எஞ்சின் கொதிக்கும். அந்த நேரத்தில் டிப்ஸ்டிக்கின் கீழ்க் கோட்டில் எண்ணெய் நின்றால் கேமுக்கு வருவது சொட்டுதான். மலை ஏறும் நாளில் மேல் கோட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேலேயும் போகக்கூடாது.

ஏர் ஃபில்டரின் ரப்பர்க் குழாயில் பிளவு இருந்தால் கோடையில் எஸ்டேட் பாதையின் செம்மண் தூசி நேரே எண்ணெய்க்குப் போய்ச் சேரும். கேம் மாற்றும் நாளிலேயே அதையும் மாற்றிவிடுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் குளிர்ந்த ஒரு காலையில் ராக்கர் கவரைத் திறந்து எட்டு இடைவெளியையும் அளந்து எழுதி வையுங்கள், 2000 கிலோமீட்டரில் மறுபடி ஒருமுறை. முதல் அளவில் எட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருப்பது இயல்பு. இரண்டாவதில் எதுவும் நகராமல் இருந்தால் அதற்குப் பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் கேம் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும், இன்னொரு மலை ஏறிவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல்.